ஜெனரல் ஜென்ட்டின் வேர்க்கட்டு

எடின்பரோவிலிருந்து வெளிவந்த மருத்துவ இதழ் ஒன்றின் 1812ஆம் ஆண்டுத் தொகுதியில் டாக்டர் சிம்ஸ் என்பவர் எழுதிய சிறு கடிதம் ஒன்று இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் பழக்கம் இங்கிலாந்துக்கு எப்படிப் போனது என்று எழுதுகிற மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இந்தக் கடிதத்தைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். செய்தி எளிது. 1802இல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி மெட்ராஸிலிருந்து இந்த மருந்தைக் கொண்டுவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் தலைமை மருத்துவர் ஆண்டர்சன் அதை இரைப்புக்குப் பரிந்துரைத்திருந்தார். செடியின் வேரையும் அடித்தண்டையும் உலர்த்தி, நைத்து, சுங்கானில் அடைத்துப் புகைக்க வேண்டும். செடியின் பெயர் டாட்டூரா ஃபெராக்ஸ்.

இந்தப் பெயரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மெட்ராஸ் குப்பைமேட்டில் முளைக்கிற ஊமத்தை டாட்டூரா ஃபெராக்ஸ் அல்ல.

நம்மூர் ஊமத்தையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சாண் நீளப் புனல்போல் பூ, வெள்ளையிலோ கத்தரி நிறத்திலோ. கருவூமத்தையில் பூவுக்குள் பூ வைத்த அடுக்குப் பூவும் உண்டு. காய் உருண்டையாகத் தலை கவிழ்ந்து தொங்கும். மேலே குட்டையான முட்கள். பழுத்தால் ஒழுங்கில்லாமல் வெடிக்கும். தாவரவியலில் இது டாட்டூரா மெட்டல். ஃபெராக்ஸோ சின்னப் பூக்காரி. காய் நிமிர்ந்து நிற்கும், முட்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தடித்து நீண்டு ஈட்டிபோல் இருக்கும், முதிர்ந்ததும் ஒழுங்காக நான்கு பிளவாகத் திறக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு குழம்ப முடியாது. கையில் காயே இல்லாமல் காய்ந்த வேரை மட்டும் வைத்திருந்தவர்கள் குழம்பலாம். லண்டனுக்குப் போனது வேர்.

ஆகவே என் முன்னால் இருந்த கேள்விகள் இரண்டு: ஜென்ட் கொண்டுபோனது எந்தச் செடி? ஆண்டர்சனுக்கு அதை யார் சொன்னது?

முதலில் ஆட்களைப் பிடிக்க வேண்டும். 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை பற்றிய நூல்களில், திப்புவின் கோட்டையை உடைக்கப் போன மெட்ராஸ் படையின் தலைமைப் பொறியாளராக ஒரு கர்னல் ஜென்ட் வருகிறார். மூன்று ஆண்டு கழித்து லண்டனில் வேர்க்கட்டோடு இறங்கும் ஜெனரல் ஜென்ட்டும் இவரும் ஒரே ஆள் என்பதுதான் என் ஊகம். காலம் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது, பதவி உயர்வும் பொருந்துகிறது. அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆண்டர்சனைப் பிடிப்பது கஷ்டமில்லை. சென்னையில் அவருக்குச் சிலையே இருக்கிறது. கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்துக்குள், சாண்ட்ரி என்ற பெரும் சிற்பி செதுக்கியது. ஸ்காட்லாந்துக்காரர். 1809இல் இங்கேயே இறந்தார். மருத்துவம் அவருக்கு உத்தியோகம், தோட்டம்தான் பைத்தியம். 1786இல் மெட்ராஸில் ஒரு புல்லின் மேல் சிவப்புச் சாயம் தரும் பூச்சியைக் கண்டதாக நம்பி, லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்; அந்தக் கடிதங்களை மெட்ராஸிலேயே அச்சடித்து வெளியிட்டார். மெக்ஸிகோவின் கொச்சினீல் பூச்சி ஸ்பெயின்காரர்களின் ஏகபோகம். அதை உடைத்தால் கம்பெனிக்குப் பணம் கொட்டும். அதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். மல்பெரி நட்டார், பட்டுப்புழு வளர்த்தார்.

அவருடைய அச்சுக் கடிதங்கள் சாயம், பட்டு, பருத்தி என்று வணிகத்தையே சுற்றி வருகின்றன. கம்பெனிக்குக் காசு தராத ஒரு களைச்செடியின் வேரைப் பற்றி அச்சடித்து யாருக்கு அனுப்புவது? தலைமை மருத்துவர் தன் நோயாளிக்கு வாய்வார்த்தையாகச் சொன்னது கோப்பில் ஏறாது. நோயாளி கப்பலேறிப் போய், ஊரில் இன்னொரு மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் எழுத்துக்கு வந்தது, அதுவும் பத்து ஆண்டு கழித்து.

ஆனால் இந்தத் தோட்டம் என் வழக்கைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து செடி வரவழைத்த ஒருவர், ஃபெராக்ஸையும் எங்கிருந்தோ வரவழைத்து வளர்த்திருக்க மாட்டாரா? மாட்டார் என்று சொல்ல முடியாது. எனினும், தோட்டத்தில் பாத்தி கட்டி வளர்க்கும் அபூர்வச் செடியை வேரோடு பிடுங்கி உலர்த்தி, மாதக்கணக்கில் புகைக்கும் அளவுக்குக் கட்டுக் கட்டாக யாரும் கொடுத்தனுப்புவதில்லை. கோட்டைச் சுவரோரம் காடாக மண்டிக் கிடந்த செடி என்றால் கொடுக்கலாம்.

சாட்சி சொல்ல இன்னொருவரும் இருக்கிறார். ஒயிட்லா எயின்ஸ்லி 1788இல் மெட்ராஸ் மருத்துவத் துறையில் சேர்ந்தவர், அதாவது ஆண்டர்சனின் கீழ் வேலை பார்த்தவர். கடைத்தெருவில் கிடைக்கும் மருந்துச் சரக்குகள் அனைத்தையும் தமிழ்ப் பெயரோடு பட்டியலிட்டு 1813இல் மெட்ராஸில் ஒரு நூல் அச்சிட்டார். அதை விரித்து 1826இல் லண்டனில் இரண்டு பாகமாக வெளியிட்டார். அவருடைய நூலில் கருவூமத்தையும் வெள்ளூமத்தையும் இருக்கின்றன. அவற்றுக்கு அவர் தரும் தாவரப் பெயர்கள் ஃபாஸ்டுவோஸா, மெட்டல். இன்றைய கணக்கில் இரண்டும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகள். எயின்ஸ்லியின் மருந்துப் பெட்டியில் இருந்த ஊமத்தை நம்முடைய ஊமத்தைதான்.

மருந்துப் பெயர்க் குழப்பம் இந்த ஒரு செடியோடு நின்றதல்ல. இந்தியாவுக்கென அதிகாரபூர்வ மருந்து நூல் 1868இல் வந்ததும், அடுத்த ஆண்டே மெட்ராஸில் மொய்தீன் ஷெரீஃப் என்ற மருத்துவர் அதற்கு ஒரு துணைநூல் எழுத வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றியவர். தமிழ், தெலுங்கு, தக்கினி என்று வரிசையாக ஒவ்வொரு சரக்குக்கும் உள்ள பெயர்களைச் சரிபார்த்துக் கட்டியது அந்த நூலின் பெரும்பகுதி. ஐரோப்பிய மருத்துவர் ஒரு செடியின் பெயரை எழுத, கடைக்காரர் வேறொன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் நிலைமை 1869இலும் இருந்தது என்பதற்கு அந்த நூல் எழுதப்பட்டதே அத்தாட்சி. 1802 எந்த மூலைக்கு?

வேதியியல் தரும் தடயமும் ஒன்று உண்டு. சிம்ஸின் வேர்க் கையிருப்பு தீர்ந்துபோனது. மெட்ராஸிலிருந்து வேர் வரவழைக்க ஆறு மாதம் ஆகும். அதனால் இங்கிலாந்திலேயே குப்பைமேட்டில் வளரும் இன்னொரு ஊமத்தையை, ஸ்ட்ரமோனியத்தை, அதற்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் கேட்டது. ஹாக்னியில் இருந்த அறுவை மருத்துவர் டூல்மின் மூலம் அது நோயாளிகளிடம் பரவி, அவர்கள் மாத இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதித் தள்ளி, அந்தக் கடிதங்கள் 1811இல் தனி நூலாகவே வந்துவிட்டன. புகையை உமிழ்நீரோடு சேர்த்து விழுங்க வேண்டும் என்பது வரை செய்முறை பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். மூச்சுத் திணறிப் படுக்கையில் உட்கார்ந்தே இரவைக் கழித்த மனிதர்கள். அவர்களுக்கு அது மெட்டலா, ஃபெராக்ஸா, ஸ்ட்ரமோனியமா என்பதில் அக்கறை இல்லை. இனம் மாறியும் பலன் மாறவில்லை என்றால், செயல்படும் சரக்கு எல்லா ஊமத்தைக்கும் பொது என்று ஆகிறது.

அந்தச் சரக்கைப் பிரித்தெடுக்க 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் கைகர், ஹெஸ்ஸே இருவரும் பெல்லடோனா, ஹென்பேன், ஊமத்தை மூன்றிலிருந்தும் அல்கலாய்டுகளைப் பிரித்தார்கள். ஊமத்தையிலிருந்து வந்ததற்கு டாட்டூரின் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பெல்லடோனாவின் அட்ரோபினும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான் என்று நிலைநாட்ட மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் மூன்றும் ட்ரோபேன் என்ற ஒரே வளைய எலும்புக்கூட்டில் கட்டப்பட்டவை. கோகைனும் அதே எலும்புக்கூடுதான், ஆனால் வேறு செடிக் குடும்பம், வேறு வேலை. ஊமத்தையின் குடும்பம் கத்தரிக் குடும்பம்: தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் பங்காளிகள்.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தமானது. இந்த அல்கலாய்டுகள் இலையிலும் விதையிலும் நிறைய இருந்தாலும் உற்பத்தியாவது வேரில். 1940களில் ஒட்டுக்கட்டிப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். ஊமத்தை வேரின் மேல் தக்காளித் தண்டை ஒட்டுக்கட்டினால் தக்காளி இலையிலும் அல்கலாய்டு ஏறிவிடுகிறது. தக்காளி வேரில் ஊமத்தையை ஒட்டினால் மேலே போவது மிகவும் குறைந்துவிடுகிறது. மெட்ராஸ் செய்முறை இலையை விட்டுவிட்டு வேரையும் அடித்தண்டையும் கேட்டது. பிற்காலத்து ஆஸ்துமா சிகரெட்டுகள் பெரும்பாலும் இலையைச் சுருட்டியவை. செய்முறையை வகுத்தவர் பல செடிகளைப் பிடுங்கிப் புகைத்துப் பார்த்தவர் என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஆண்டர்சன் ஒருவரே உட்கார்ந்து இதையெல்லாம் செய்தார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இங்கே இன்னொரு ஆட்சேபம் வந்து நிற்கிறது. 1991இல் சைமன், ஹேகி என்ற இரு ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள் டாட்டூரா பேரினம் முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது என்று வாதிட்டார்கள். உறவுள்ள இனங்கள் எல்லாம் அங்கேதான் செறிந்து கிடக்கின்றன. பிறகு வந்த மரபணு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. அப்படியானால் ஊமத்தை இந்தியாவுக்கு வந்தது கொலம்பஸுக்குப் பிறகு, போர்ச்சுகீசியர் கப்பலில்தான் என்று பலரும் எழுதிவிட்டார்கள். மிளகாய், தக்காளி, புகையிலை வந்த அதே வழி. அது உண்மையானால் 1802இல் மெட்ராஸில் இருந்த ஊமத்தை வைத்தியத்துக்கு மிஞ்சினால் முந்நூறு ஆண்டு வயது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சுங்கானும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த செடியும் சேர்ந்து பிறந்த புது மருந்து அது என்று ஆகிவிடும்.

அச்சு நூல்களில் பின்னோக்கி நடந்தேன். 1679இல் ஆம்ஸ்டர்டாமில் வந்த ஹோர்டுஸ் மலபாரிக்குஸின் இரண்டாம் தொகுதியில் உம்மத்து படத்தோடு இருக்கிறது. நீல உம்மத்தும் தனியாக இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்தது, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் தன் ஏட்டறிவைக் கொடுத்தது. அதற்கும் முன்னால் 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் உரையாடல் நூல். வீட்டு வேலைக்காரிக்கு ஊமத்தை கொடுத்து மயக்கி நகைகளைத் திருடிய கதை அதில் வருகிறது. அன்றைக்கே ஊமத்தை திருடர்களின் கருவி. முந்நூறு ஆண்டு கழித்து நார்மன் செவர்ஸ் இந்தியச் சட்ட மருத்துவம் பற்றி 1856இல் எழுதிய நூலிலும் வழிப்போக்கர்களுக்குச் சோற்றில் ஊமத்தை விதை கலந்து கொள்ளையடித்த வழக்குகள் ஏராளம். ஊமத்தை விதையும் மிளகாய் விதையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். குழம்பில் கலந்தால் யார் பார்ப்பது? இரண்டையும் பிரித்தறியும் அட்டவணை நம் மருத்துவக் கல்லூரிச் சட்ட மருத்துவப் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. மாணவர்கள் அதைத் தேர்வுக்காக உருப்போடுகிறார்கள்.

ஆனால் 1563 கூட போர்ச்சுகீசியர் வந்து அறுபது ஆண்டுக்கு மேல். ஆட்சேபத்தை அது உடைக்காது. உடைக்கிற ஆதாரம் தமிழ் படித்தவர் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கிறது. தேவாரத்தில் சிவன் சூடும் பூ ஊமத்தை. மத்தம் என்று சம்பந்தரும் அப்பரும் பிறையோடும் பாம்போடும் கொன்றையோடும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். காலம் ஏழாம் நூற்றாண்டு. கொலம்பஸுக்கு எண்ணூறு ஆண்டு முன்னால். நடராசர் செப்புத் திருமேனிகளை விளக்கும் சிற்பநூலார் சடையில் பிறை, கங்கை, பாம்பு, மண்டையோடு, ஊமத்தம்பூ என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். சுசுருத சம்ஹிதையில் வெறிநாய்க் கடிக்குச் சொல்லும் மருந்தில் தத்தூரம் வருகிறது. பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா தன் மருத்துவ நூலில் ஜவுஸ் மாத்தில் என்ற முள்காயைப் பற்றி எழுதுகிறார். மெட்டல் என்ற தாவரப் பெயரே அந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பெயர் மட்டும் இருந்தால் போதாது என்று கேட்பவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான், பழைய பெயரைப் புதுச் செடிக்குச் சூட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதனால்தான் சிற்பம் முக்கியமாகிறது. பெங்களூரிலிருந்து வரும் அறிவியல் இதழ் ஒன்றில் 2007இல் கீதா, வாலித் கராய்பே இருவரும் எழுதிய ஆய்வுரை இதையெல்லாம் ஒன்றாகத் திரட்டிவைத்தது: சமஸ்கிருத, அரபு ஏடுகளோடு தென்னிந்தியச் சிற்ப ஆதாரமும். முடிவு இரு தரப்பையும் திகைக்க வைப்பது. டாட்டூரா அமெரிக்கச் செடிதான். ஆனாலும் அதில் ஓர் இனமாவது, டாட்டூரா மெட்டல், கொலம்பஸுக்கு முன்பே, பெரும்பாலும் கி.பி. முதல் ஆயிரத்தாண்டுக்குள்ளேயே இங்கு வந்துவிட்டது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு அமெரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகளுக்குக் கொலம்பஸுக்கு முன்பே கடந்துபோனதை அவர்கள் ஒப்புமையாகக் காட்டுகிறார்கள். இங்கே மனிதர் யாரோ விதையைக் கொண்டுவந்திருக்க வேண்டும். மெட்டல் மனிதர் வளர்த்துப் பழக்கிய இனம், காட்டில் தானாக வளரும் மூலம் அதற்கு இல்லை. யார் கொண்டுவந்தார், எந்தக் கடல் வழியே என்று நானும் ஊகம் செய்யத் தொடங்கினால் இந்தக் கட்டுரை கப்பலேறிவிடும்.

என் வழக்குக்கு வேண்டியது இவ்வளவுதான்: கொலம்பஸுக்கு முன்பிருந்தே தமிழ் நிலத்தில் வேர்விட்டிருந்தது மெட்டல். ஃபெராக்ஸுக்கு அப்படி ஒரு பழைய ஏடும் இல்லை, சிலையும் இல்லை. சைதாப்பேட்டையில் அமெரிக்கச் சப்பாத்திக்கள்ளியைப் பாடுபட்டு வளர்த்த ஆண்டர்சன், தன் தோட்டத்துக்கு வெளியே தானாக முளைத்துக் கிடந்த இன்னொரு அமெரிக்கச் செடியைத்தான் ஜென்ட்டுக்குக் கொடுத்தார் என்று நான் தீர்மானித்திருக்கிறேன்.

இரண்டாம் கேள்வி மிச்சம். யார் சொன்னது?

புகையால் மூச்சு நோயைத் தணிக்கும் எண்ணம் இங்கே பழையது. சரக சம்ஹிதை மருந்துப் புகை குடிப்பதற்குத் தனி முறையே வகுத்திருக்கிறது. மூலிகைகளை அரைத்துத் திரியாகத் திரட்டி, உலர்த்தி, நெய் தடவிக் கொளுத்தி, குழாய் வழியே இழுக்க வேண்டும். புகையிலை இந்தியாவுக்கு வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது அது. விக்கல், சுவாச நோய்ச் சிகிச்சையிலும் புகைக்கு அங்கே இடமுண்டு. சித்த வைத்தியர்கள் ஊமத்தையை இன்றும் கையாள்கிறார்கள், பெரும்பாலும் வெளிப்பூச்சாக. இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்ந்த மத்தன் தைலம் ஆறாத புண்ணுக்குப் போடுவது. செடி, புகை, நோய் மூன்றையும் இங்குள்ள வைத்தியர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். மூன்றையும் சேர்த்தவர் இங்குள்ள ஒருவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

சிம்ஸின் கதை ஆண்டர்சனிடம் தொடங்குகிறது. அவருக்கு முன்னால் ஆள் இல்லை. கம்பெனி மருத்துவர்கள் உள்ளூர் மருந்தைப் பதிவே செய்ததில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. அதே காலத்தில் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று பேர்போனது. வெள்ளைப் பாஷாணம் கலந்த பாம்புக்கடி மாத்திரை. பாட்ரிக் ரஸ்ஸல் அதை முறையாகச் சோதித்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் வந்த அவர் நூல் புகழ்பெற்றது. அந்த மாத்திரையோடு குறைந்தபட்சம் ஊரின் பெயராவது ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் பாம்புக்கடி சிப்பாய்களைக் கொன்றது, படைக்கு அது கணக்கு வழக்கில் வரும் செலவு. இரைப்பு பெரும்பாலும் கொல்லாது, வாட்டும். அது தனிமனிதனின் துன்பம். இது என் தனிப்பட்ட விளக்கம்.

லண்டனுக்குத் திரும்புவோம். அங்கே எல்லாரும் பாராட்டவில்லை. ஆஸ்துமா பற்றிப் பெரிய நூல் எழுதிய ராபர்ட் பிரீ 82 நோயாளிகளிடம் புகையைச் சோதித்தார். 58 பேருக்கு நிலைத்த பலன் இல்லை, 24 பேருக்குக் கெடுதலே என்று அவர் கண்டதாக ஜோனதன் பெரைராவின் மருந்தியல் நூல் சொல்கிறது. அதே நூலில் போகிற போக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்தப் பழக்கத்தை நாட்டுக்குக் கொண்டுவந்த ஜெனரல் ஜென்ட்டே அதற்குப் பலியானார். அவ்வளவுதான். எந்த ஆண்டு, எத்தனை சுங்கான், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்ற விவரம் எதுவும் கிடையாது.

நம்பக்கூடிய சாவுதான். ஊமத்தையின் அளவு எவர் கைக்கும் அகப்படாது. செடியின் வயது, பருவம், மண், உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அல்கலாய்டு கூடும் குறையும். அளவு மீறினால் நாக்கு உலர்ந்து ஒட்டும், உடம்பு கொதிக்கும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், இதயம் படபடக்கும், இல்லாததை ஆள் பார்க்கத் தொடங்குவார். காற்றில் நூலைப் பிடித்து இழுப்பார், போர்வையைப் பிய்ப்பார். நம்மூர் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் பணிபுரிந்த எந்த மருத்துவரும் இதைக் கண்டதும் கண்டுகொள்வார்.

எனினும் புகை நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமா சிகரெட்டும் கொளுத்தி முகரும் பொடியும் கடைச் சரக்கு ஆயின. ஹென்றி ஹைட் சால்டர் 1860இல் எழுதிய ஆஸ்துமா நூல் அதற்கு இடம் கொடுத்தது. பாரிஸில் மார்செல் ப்ரூஸ்ட் தன் அறையில் பொடியைக் கொளுத்திப் புகை நிரப்பிக்கொண்டு எழுதினார்.

அந்தப் புகை ஏன் வேலை செய்தது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிந்தது. 1921இல் ஓட்டோ லோவி, நரம்பு வேதிப்பொருளைச் சுரந்துதான் உறுப்போடு பேசுகிறது என்று தவளை இதயத்தில் காட்டினார். சுரப்பது அசிட்டைல்கோலின். மூச்சுக்குழலைச் சுற்றிய தசையை இறுக்குவதும் அதுதான். அட்ரோபின் அந்தத் தசையின் வாங்கியில் போய் உட்கார்ந்துகொண்டு அசிட்டைல்கோலினை உள்ளே விடுவதில்லை, குழல் தளர்கிறது. புகைத்தால் மருந்து நேரே நுரையீரலில் இறங்கும். விழுங்கினால் உடம்பெங்கும் பரவி மூளைக்கும் ஏறும். மெட்ராஸ் செய்முறை நுரையீரல் வழியைத் தேர்ந்தது அதன் பெரிய கெட்டிக்காரத்தனம். மூளைக்கு ஏறும் மிச்சத்தை மட்டும் தடுக்க முடிந்திருந்தால் குறையே இல்லை.

தடுத்தார்கள். அட்ரோபினின் நைட்ரஜனோடு இன்னொரு கரிமத் துண்டை ஒட்டி அதை நிலையான மின்னேற்றம் உடையதாக ஆக்கிவிட்டால், மூளைத் தடையைத் தாண்டாது, நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கும் அதிகம் போகாது. அப்படிப் பிறந்த இப்ராட்ரோபியம் 1970களில் இன்ஹேலராக வந்தது. அடுத்த தலைமுறையான டியோட்ரோபியம் ஐரோப்பாவில் 2002இல், ஜென்ட் கரை இறங்கி இருநூறு ஆண்டு நிறைந்தபோது, விற்பனைக்கு வந்தது. இரண்டின் பெயரிலும் ட்ரோபேன் ஒளிந்திருக்கிறது. நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு நம்மூர் மருந்துக்கடையிலும் இவை கிடைக்கும்.

செடியின் அடையாளம் பற்றி நான் வந்திருக்கும் முடிவு சூழல் ஆதாரத்தின் மேல் நிற்கிறது: ஊரில் விளைந்தது எது, எயின்ஸ்லி பட்டியலிட்டது எது, கட்டுக்கட்டாகக் கிடைத்திருக்கக்கூடியது எது. நேரடிச் சாட்சிக்குக் காகிதத்தை விட்டு உலர்செடித் தாள்களுக்குப் போக வேண்டும். தரங்கம்பாடிக்கு 1776இல் வந்து, பிறகு மெட்ராஸில் குடியேறி, தமிழ் அகராதி தொகுத்த ரோட்லர் பாதிரியார் செடிகளையும் அதே சிரத்தையோடு சேகரித்தவர். அவருடைய தொகுப்பு பின்னாளில் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டர்சன் காலத்து மெட்ராஸ் தாவரவியல் வட்டம் சிறியது, பெயர்களை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டது. 1800ஐ ஒட்டி இந்தக் கரையில் பறித்த ஊமத்தைத் தாளில் ஃபெராக்ஸ் என்று எழுதி, அதில் குட்டை முள்ளோடு கவிழ்ந்த காய் ஒட்டப்பட்டிருந்தால் வழக்கை மூடிவிடலாம். காய் நிமிர்ந்து, நீண்ட ஈட்டி முட்களோடு இருந்தால், சைதாப்பேட்டைத் தோட்டத்துக்கு நான் மறுபடி போயாக வேண்டும்.